பிஸ்கட்டின் பின்னால் தெரிந்த ஷட்டர்

வயதான நாயைப் படம் எடுக்கப் போனால் கேமராவை உடனே பையிலிருந்து எடுக்காதீர்கள். முதலில் தரையில் உட்காருங்கள். முட்டி வலிக்கிறது, பேண்ட் அழுக்காகிவிடும் என்று முனகுகிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது. அவர்கள் கல்யாண மண்டபத்துக்கே போகலாம். அங்கே நின்றபடியே எடுக்கலாம், சாப்பாடும் உண்டு.

சங்கரன்கோவிலில் ஸ்டூடியோ வைத்திருந்த காலம் முழுக்க நான் ஊருக்கு ‘ஸ்டூடியோ அக்கா’தான். என் பெயர் பலருக்குத் தெரியாது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், பாஸ்போர்ட் படம், இறந்தவர்களின் பழைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடுவது, எல்லாம் செய்தேன். ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகு கூட்டம் குறைந்தது. குறைந்த பிறகும் வந்தவர்கள் யார் தெரியுமா? கை நடுங்கி, தாங்களே எடுக்க முடியாத படத்துக்காக வந்தவர்கள். அப்படித்தான் நோயில் கிடந்த நாயும் பூனையும் ஆடும் மாடும் என்னிடம் வந்து சேர்ந்தன.

நம் பக்கத்தில் நோயாளியைப் படம் எடுப்பதற்கு ஒரு பயம் உண்டு. எடுத்தால் ஆயுசு குறையும் என்பார்கள். அதையும் மீறி ஒருவர் உங்களைக் கூப்பிடுகிறார் என்றால், அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு சண்டையோ அழுகையோ நடந்து முடிந்திருக்கிறது என்று அர்த்தம். திருவேங்கடம் ஊர்ப்பக்கத்துச் சம்சாரி ஒருவர், எழுந்து நிற்கத் தெம்பில்லாத தன் உழவுக் காளைக்குச் சந்தனம் பூசி, தானும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். படம் எடுக்கிற வரை முகத்தில் ஒரு சலனம் இல்லை. ‘முடிஞ்சிட்டு அண்ணாச்சி’ என்று நான் சொன்னதும் காளையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். முடிந்தது என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் என்னிடம் படமெடுக்கக் கற்க வரும் நீங்கள் அடிக்கடி கேட்பது வேறு. ‘கஸ்டமர் தப்பான காரணத்துக்குப் படம் கேட்டா என்ன செய்றதுக்கா?’ என்கிறீர்கள். எனக்கும் அதற்குச் சட்டம் எதுவும் தெரியாது. பெயிண்ட் கடை சங்கரலிங்கத்தின் கதையைச் சொல்கிறேன். அதிலிருந்து எடுத்துக்கொள்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சங்கரலிங்கம் எனக்குத் தம்பி முறை மாதிரி. முன்னால் கடை, பின்னால் வீடு. மனைவி கோமதி. ஒரே மகள் உமா, மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். உமா சிறுபிள்ளையாக இருந்தபோது குருவிகுளம் பக்கத்திலிருந்து ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டியை வாங்கிவந்து வளர்த்தார்கள். நிறத்தைப் பார்த்து உமாதான் ‘பிஸ்கட்’ என்று பெயர் வைத்தாள். வேட்டைக்குப் போகிற சாதியில் பிறந்து, வாழ்நாள் முழுக்கப் பெயிண்ட் கடை கல்லாவுக்குக் கீழே படுத்துத் தூங்கிய நாய் அது.

ஒரு நாள் காலையில் அவர் போன் செய்தார். ‘அக்கா, பிஸ்கட்டுக்குக் கொஞ்சம் நல்ல போட்டோவா எடுக்கணும். வீட்டுக்கே வந்துருதீங்களா? அவனத் தூக்கிட்டு வர முடியல.’

போனேன். கடையை அடைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். நாய் பின்முற்றத்தில் சாக்கு விரிப்பில் கிடந்தது. சிறுநீரகம் கெட்டுவிட்டதாம். இனி வைத்தியம் வேண்டாம், வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டாராம். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. சங்கரலிங்கத்தைக் கண்டதும் வால் மட்டும் தரையில் ஒருமுறை தட்டியது. இத்தனை வருஷம் ஆகியும் அப்படி ஒரு காட்சி எனக்குப் பழகவில்லை, பழகவும் வேண்டாம்.

நான் தரையில் உட்கார்ந்து நாய் என் கையை முகர்ந்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் சங்கரலிங்கம் ஒரு பை நிறையக் கழுத்துப்பட்டைகளைக் கொண்டுவந்து கொட்டினார். சிவப்பு, பச்சை, தோல் பட்டை, மணி வைத்தது, உமாவின் பழைய துப்பட்டாவில் வெட்டியது.

‘இவ்வளவும் எதுக்கு தம்பி?’

‘ஒவ்வொரு போட்டோவுக்கும் ஒவ்வொண்ணு போடணும்க்கா. இடமும் மாத்தி மாத்தி எடுக்கணும். ஒரே நாள்ல எடுத்த மாதிரி இருக்கப்படாது.’

ஆசைப்பட்டுக் கேட்கிறார், செய்துவிட்டுப் போவோம் என்றுதான் நினைத்தேன். முருங்கை மரத்தடியில் சிவப்புப் பட்டையோடு ஒன்று. ரோஸ் கலர் சுவரோரம் பச்சைப் பட்டையோடு ஒன்று. பெயிண்ட் டின்களை அடுக்கிவைத்து அதன் முன்னால் ஒன்று. ஒவ்வொரு தடவையும் அவரே நாயைக் குழந்தை மாதிரி அள்ளித் தூக்கிக்கொண்டு போய் இறக்கினார். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கூடுதலாக மூச்சு வாங்கியது. கோமதி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘காபி குடிக்கியளாக்கா?’ என்று கேட்டதைத் தவிர வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் சங்கரலிங்கம் ஒரு பூவாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

‘அக்கா, மழை பெய்யுத மாதிரி ஒண்ணு எடுக்க முடியுமா? நான் பின்னால நின்னு தண்ணி தெளிக்கேன். அவன் மேல படாது.’

வெயில் மண்டையைப் பிளந்தது. ‘மழை எதுக்கு தம்பி?’

‘இல்ல, இன்னும் கொஞ்ச நாள்ல மழை ஆரம்பிச்சிரும்லா. அப்போ வெயில்ல எடுத்த போட்டோவை அனுப்பினா அவ கண்டுபிடிச்சிருவா.’

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. பூவாளியைக் கீழே வைத்தார். நான் கேமராவைக் கீழே வைத்தேன்.

விஷயம் இதுதான். உமாவுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நாய்க்கு உடம்பு சரியில்லை என்பதே அவளுக்குத் தெரியாது. தினமும் காலையில் ‘பிஸ்கட் போட்டோ எங்கேப்பா?’ என்று செய்தி அனுப்புவாள். நாய் செத்தால் பிள்ளை நொறுங்கிப்போவாள், பரீட்சை போய்விடும். அதனால் இன்றைக்கே மொத்தமாக எடுத்து வைத்துக்கொண்டு, நாய் போன பிறகும் நாளுக்கு ஒன்றாக அனுப்பிக்கொண்டிருக்கலாம் என்பது அவர் திட்டம். கடைசிப் பரீட்சை முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

கேட்கும்போது உங்களுக்குக் கோபம் வரும். எனக்கு வரவில்லை. நம் வீடுகளில் பிள்ளைக்குப் பரீட்சை என்றால் இழவுச் செய்தியைக்கூட மூடி வைப்பதில்லையா? பாசத்தில் செய்கிற காரியம் அது. பாசத்தில் செய்கிறோம் என்பதாலேயே அது சரியா தப்பா என்று யாரும் யோசிப்பதுமில்லை. நானும் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. நான் பார்த்தது நாயை. அதன் நாக்கு வெளுத்துத் தொங்கியது.

‘தம்பி, அவனால முடியல. இன்னும் ஒரே ஒரு படந்தான் எடுப்பேன். எங்க வேணும்னு நீங்க சொல்லுங்க. அதோட நிறுத்திக்கிடுவோம்.’

அவர் கொஞ்சம் யோசித்து, நாயைத் தூக்கிக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாகக் கடை வாசலுக்குப் போனார். புதிதாகப் பெயிண்ட் அடித்த வெளிர்நீல ஷட்டர். அந்தப் பக்கம் வெயில் நேராக விழாததால் வெளிச்சம் மிதமாக இருந்தது. ஷட்டர் முன்னால் நாயை இறக்கிவிட்டு அவர் எனக்குப் பின்னால் வந்து நின்று, ‘ஏலே பிஸ்கட்டு’ என்று மெதுவாகக் கூப்பிட்டார். அது தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தது. நோய், வலி எதுவும் இல்லை அந்தப் பார்வையில். எடுத்தேன். அன்றைக்கு எடுத்ததில் அதுதான் படம்.

சங்கரலிங்கத்துக்கு சந்தோஷம் தாங்கவில்லை. கேமராவின் பின்திரையில் தெரிந்த படத்தையே தன் செல்போனில் எடுத்து, ‘இன்னைக்கு இதையே அனுப்பிருதேன்’ என்று உமாவுக்கு அனுப்பிவிட்டார்.

நாயை நாங்கள் உள்ளே கொண்டுவந்து விரிப்பில் படுக்க வைப்பதற்குள் பதில் வந்தது. படித்ததும் அவர் முகம் மாறியது. என்னிடம் நீட்டினார்.

‘ஏம்ப்பா கடை அடைச்சிருக்கு?’

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒன்றுமில்லாத கேள்வி. சங்கரலிங்கத்தை அறிந்தவர்களுக்கு அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமைகூடக் கடை திறக்கிற மனிதர். சொந்தத் தங்கச்சி கல்யாணத்தன்றைக்கே முகூர்த்தம் முடிந்ததும் வந்து கடையைத் திறந்தவர் என்று தெருவில் கேலி செய்வார்கள். வேலை நாளில், பகலில், அந்த ஷட்டர் முழுசாக இறங்கியிருந்தால் வீட்டில் சாவு. அப்படித்தான் அந்தக் கடை வீதியில் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள், அவர் மகள் உட்பட. நாயை எப்படி மறைப்பது என்று பட்டை பட்டையாக யோசித்த மனிதருக்கு, தன் ஷட்டர் கண்ணில் படவில்லை. அவருக்கு அது ஒரு நல்ல நீலச் சுவர். எனக்கும் அப்படித்தான். நாயின் கண்ணில் மயங்கி நின்றேனே தவிர, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. படத்தைப் பார்ப்பவர்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள், பிள்ளைகளா. அதுவும் பிரிந்திருப்பவர்கள் மூலை முடுக்கெல்லாம் பார்ப்பார்கள்.

போன் அடித்தது. உமாதான். அவர் எடுக்கவில்லை. அடித்து நின்றது. திரும்ப அடித்தது.

‘அக்கா, நீங்க பேசுங்க,’ என்று போனை என் கையில் திணித்தார். ‘ஷட்டருக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கு, காயுததுக்காக இறக்கிப் போட்டிருக்குன்னு சொல்லுங்க. நான் பேசினா குரல்லயே கண்டுபிடிச்சிருவா. நீங்க சொன்னா நம்புவா.’

நல்ல பொய். பெயிண்ட் கடைக்காரருக்குத்தான் தோன்றும். சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை நம்பியும் இருக்கும்.

அப்போது கோமதி முதல்முறையாக வாசல்படியை விட்டு இறங்கி வந்தாள்.

‘மாமா செத்தப்பவும் இப்படித்தானே சொன்னீங்க. தாத்தா தூங்குதாரு, தாத்தா தூங்குதாருன்னு. பரீட்சை முடிஞ்சு எம்பிள்ள அவருக்கு மப்ளர் வாங்கிட்டு ஓடி வந்தா. வாசல்ல மாலை போட்ட போட்டோவத்தானே பாத்தா?’

அந்தப் போட்டோவுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தது நான். அதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருந்தது எனக்குத் தெரியாது.

‘பரீட்சை பாஸ் ஆனாள்ல?’ என்றார் சங்கரலிங்கம்.

‘ஆனா. அதுக்கப்புறம் உங்ககிட்ட ஒழுங்கா ஒரு வார்த்தை பேசிருக்காளா? தினம் எதுக்கு நாய் போட்டோ கேக்குதான்னு நெனைக்கீங்க? ஆசைக்கா கேக்குதா? உசிரோட இருக்கான்னு பாக்கத்தான் கேக்குதா. நம்மள நம்பலங்க அவ.’

போன் என் கையில் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு குடும்பத்தின் நடுவில் நாம் யார்? படம் எடுக்க வந்தவர்கள். வேலை முடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியவர்கள். வாயை மூடிக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவர் எடுக்காமல் விட்டிருப்பார், அந்தப் பிள்ளை மதுரையில் கிடந்து துடித்திருக்கும். பொய்யும் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், பச்சைப் பொத்தானை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். அதிகப்பிரசங்கித்தனம்தான். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால், ‘ஊர் வம்பை ஏன் விலைக்கு வாங்குதே’ என்று திட்டியிருப்பார்.

‘அப்பா,’ என்றது போன். அழுகையெல்லாம் இல்லை. பயத்தில் குரல் கட்டியிருந்தது. ‘அப்பா, பிஸ்கட் இருக்கானா? உண்மையைச் சொல்லுங்க.’

சங்கரலிங்கம் போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

‘நீங்க அனுப்பினது இன்னைக்கு எடுத்த போட்டோதானா? பழசா?’

இந்தக் குரலைக் கேட்டு, விரிப்பில் கிடந்த நாய் காதைத் தூக்கியது. தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. அதை அவர் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

‘இருக்காம்மா. இருக்கான். நீ பேசுதது அவனுக்குக் கேக்குது. ஆனா ரொம்ப நாள் இருக்க மாட்டான் மக்கா. டாக்டர் சொல்லிட்டாரு. உனக்குப் பரீட்சைன்னு அப்பா மறைச்சிட்டேன்.’

உமா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, ‘நாளைக்கழிச்சுதான்ப்பா அடுத்த பேப்பர். நான் இப்பவே வாரேன்,’ என்றாள்.

‘வா ஏட்டி,’ என்று சொல்லிவிட்டு அவர் வாய்விட்டு அழுதார்.

இந்தக் கதையைக் கேட்கிற இளவட்டங்கள், ‘அந்த நேரத்துல ஒரு ஷாட் எடுத்திருந்தா எப்படி இருந்திருக்கும்க்கா!’ என்று சொல்வதுண்டு. நன்றாகத்தான் இருந்திருக்கும். என் கையில் போன் இருந்தது. கேமரா தரையில் இருந்தது. மாற்றி எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் என்னைப் பற்றி எனக்கே நல்ல எண்ணம் இருந்திருக்காது.

பொழுது சாயும் முன் உமா மதுரை பஸ்ஸில் வந்து இறங்கினாள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். கடை திறந்திருந்தது. நாய் கல்லாவுக்குக் கீழே தன் பழைய இடத்தில் கிடந்தது. கழுத்தில் பட்டை எதுவும் இல்லை. அவள் பையைக்கூட இறக்காமல் சிமெண்ட் தரையில் அதன் பக்கத்தில் அப்படியே படுத்துக்கொண்டாள். நாய் அவள் கன்னத்தை ஒரே ஒரு தடவை நக்கியது. நானும் தரையில் படுத்துத்தான் எடுத்தேன். பெயிண்ட் வாங்க வந்த ஒருவர், வழியில் கிடக்கிற என்னைத் தாண்ட முடியாமல் நின்றார். வழக்கம்போல என் பின்னால் போய் நிற்கப் போன சங்கரலிங்கத்தை உமா கையைப் பிடித்து இழுத்தாள்.

‘நீங்களும் வாங்கப்பா. அவன் எப்பவும் உங்களத்தானே பாத்துக்கிட்டு இருப்பான்.’

அதற்குப் பிறகு வெளிச்சம் எப்படி இருந்தது, கோணம் என்ன என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். கண் மறைத்தது, குத்துமதிப்பாகத்தான் எடுத்தேன்.

மறுநாள் அவள் மதுரைக்குத் திரும்பிப் போனாள். அன்று சாயங்காலமே நாய் போய்விட்டது. விடிந்தால் அவளுக்குப் பரீட்சை. சங்கரலிங்கம் என்ன செய்தார் என்று கோமதி பிறகு சொன்னாள். கொஞ்ச நேரம் கையில் போனை வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தாராம். பிறகு அவரே உமாவைக் கூப்பிட்டு, ‘பிஸ்கட் போயிட்டான்மா’ என்று சொன்னாராம். சுற்றி வளைக்கவில்லையாம்.

சட்டம் போட்ட படத்தை வாங்க அவர் ஸ்டூடியோவுக்கு வந்தது ரொம்ப நாள் கழித்து. நான் படத்தைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

‘உமாவுக்கு ரிசல்ட் வந்துட்டுக்கா,’ என்றார். ‘ஒரு பேப்பர் போயிட்டு. பிஸ்கட் செத்த மறுநாள் எழுதுன பேப்பர்.’

என் கை நின்றுவிட்டது. அந்தப் பொத்தானை அழுத்திய விரல் என்னுடையதுதானே. இந்த மனிதர் எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்திருக்கிறது. திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

‘வருத்தமா இருக்கா தம்பி?’

‘வருத்தம் இல்லாம இருக்குமா? அடுத்த தடவை எழுதிக்கிடுவா, அது ஒண்ணும் இல்ல.’ படத்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ‘ஆனா ஒண்ணு பாத்தீங்களா அக்கா. எங்க அய்யா செத்ததுல இருந்து எங்கிட்ட சாப்பிட்டீங்களாப்பா, தூங்கினீங்களாப்பா, அவ்வளவுதான் பேசுவா. மத்ததெல்லாம் அவ அம்மைக்குத்தான் போகும். இப்போ ரிசல்ட் பாத்த நிமிசமே போன் அடிச்சு, அப்பா, ஃபெயிலாயிட்டேன்னு ஒரே அழுகை. எனக்குத்தான்க்கா அடிச்சா. அவ அம்மைக்கே நான் சொல்லித்தான் தெரியும்.’

சொல்லும்போதே அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

‘கெட்ட சேதிய முதல்ல எனக்குல்லா சொல்லிருக்கா!’